பிந்தி வந்த தேர்

அக்கா,

இன்றைக்கு என் சப்பாத்து முழுக்கத் தேங்காய்த் தண்ணீர். ரூ பஜோல் தெருக் கோயிலிலிருந்து புறப்பட்ட பிள்ளையார் தேர் உங்கள் கடைவாசலைத் தாண்டிப் போய்விட்டது. தெருவில் சிரட்டைகளைக் கூட்டிக்கொண்டிருக்கிறார்கள். அந்த வாசம் மூக்கில் ஏறியதும் உங்களுக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது. நீங்கள் உயிரோடு இருக்கும்போதே சொல்லியிருக்க வேண்டியவை, வெட்கம் விடவில்லை.

சிறையிலிருந்து நான் வெளியே வந்தபோது காலில் மின்வளையம். எங்கே நிற்கிறேன், எப்போது வீட்டுக்குப் போகிறேன் என்று அது சொல்லிக்கொண்டே இருக்கும். சண்டையில் ஒருவனின் கையை முறித்தவன் நான். லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவில் அது தெரியாதவர் இல்லை. தெரிந்தே என்னை உங்கள் கடைச் சமையலறையில் விட்டீர்கள். "வாய் காட்டாமல் ரொட்டியைப் போடு. மிச்சத்தை நான் பாக்கிறன்" என்றீர்கள். என்னைவிட நாலு வயதுதான் மூப்பு. அதட்டலில் மட்டும் நாற்பது வயது.

அப்போதுதான் நீதிமன்றத்தில் என் தண்டனையைக் கவனித்த நீதிபதி அம்மா புதிய அமர்வொன்றைத் தொடங்கியிருந்தார். வெளியே வந்தவர்கள் மாதம் ஒருமுறை போக வேண்டும். உயர்ந்த மேடை இல்லை. நீதிபதி, கண்காணிப்பு அலுவலர், வேலை கொடுத்த நீங்கள், நான், எல்லாரும் ஒரே மேசையில். வேலை எப்படி, வீடு எப்படி, வதிவிட அட்டை என்ன ஆயிற்று என்று கேட்பார்கள். நீதிமன்றமாவது மாறுவதாவது என்று நீங்கள் சிரித்தீர்கள்: "கோடு எண்டால் கோடுதான். மேசையைப் போட்டால் மாறிடுமோ?" நல்ல வார்த்தை பேசித் திரும்ப உள்ளே போடப்போகிறார்கள் என்றுதான் நானும் நினைத்தேன்.

பிறகு தேர்த் திருவிழா வந்தது. ஞாயிறுகளில் இரண்டு மணிக்குள் நான் மெத்றோ ரயிலில் பொபினிக்குப் போய் என் அறையில் நிற்க வேண்டும். ஒரு மணிக்கே தேர் வந்துவிடும் என்றார்கள். நம்முடைய தேர் எப்போது சொன்ன நேரத்துக்கு வந்தது? நான் ஏப்ரனைக் கழற்றினேன். நீங்கள் வழியை மறித்தீர்கள். "பிள்ளையார் தெரு முடக்கிலை நிக்கிறார். வாசலுக்கு வாறவரை விட்டிட்டு எங்கை ஓடுறாய்? ஒரு தேங்காயை உடைச்சிட்டுப் போ."

உடைத்தேன். ஒன்றல்ல, வாசலில் இருந்த குவியல் முழுவதையும். எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு சனத்தோடு சனமாக நின்றேன், அக்கா. அறைக்குப் போனபோது மூன்றரை.

அந்தக் கிழமை முடியுமுன் நீதிபதியிடமிருந்து அழைப்பு வந்தது. மிச்ச மாதங்களுக்கு என்னைத் திரும்ப உள்ளே அனுப்பலாம். தெரிந்தவர் எல்லாரும் ஒரே புத்திதான் சொன்னார்கள்: மெத்றோ நின்றுவிட்டது என்று சொல்லு. நானும் அதைப் பாடமாக்கி வைத்தேன்.

கடையில் சனம் நிறையும் வெள்ளிக்கிழமை. கதவைப் பூட்டிவிட்டு, தேருக்குக் கட்டிய அதே சேலையில் என்னோடு அந்த அமர்வுக்கு வந்தீர்கள். நான் வாய் திறக்குமுன் உங்கள் அரைகுறைப் பிரெஞ்சில் தொடங்கிவிட்டீர்கள். மெத்றோ ஓடியது, தேர்தான் ஓடவில்லை. இவர் வெளிக்கிட்டார், மறித்தது நான். பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில்: "பொய்யைச் சொல்லி இந்த மேசையையும் பழுதாக்காதை."

குவியல் முழுவதையும் உடைத்தது நான்தான் என்று அப்போது நானும் சொன்னேன். தேங்காய் எதற்கு என்று நீதிபதி கேட்டார். கடைசியில், "அடுத்த வருடம் முன்கூட்டியே கடிதம் கொடுத்து நேரம் கேளுங்கள். இந்த மேசை அதற்குத்தான்" என்றார்.

என்னை உள்ளே அனுப்பவில்லை; வளையம் காலிலேயே இருந்தது. அந்தச் சந்தோசத்தில் வெளியே வந்து அழுதேன். "மூக்கைத் துடை. மா குழைக்கோணும்" என்றீர்கள்.

இப்போது கடை என் கையில். அந்த மேசையில் நீங்கள் இருந்த கதிரையும் என்னுடையதுதான். இந்த வருடம் என்னோடு அங்கே வருபவர், கடையில் வேலை செய்யும் ராசன் அண்ணை; ஐம்பது வயது, காலில் வளையம். ஆடி மாதமே அவருக்காகக் கடிதம் எழுதினேன். தேர் கட்டாயம் பிந்தும் என்று ஒரு வரியும் சேர்த்தேன். ஆறு மணிவரை அனுமதி கிடைத்தது.

இன்றைக்கும் தேர் பிந்தித்தான் வந்தது. ஒரு மணி தாண்டியதும் பழக்கதோசத்தில் அவர் ஏப்ரனைக் கழற்றப் போனார். நீங்கள் என்னை மறித்த அதே வாசலில் நின்று, முதல் தேங்காயை அவர் கையில் கொடுத்தேன்.

"ஆறுதலாய் உடையுங்கோ அண்ணை. நேரம் இருக்கு."