பூசை போடாத வண்டி

முந்தாநேத்து ஆயுத பூசை. இன்னும் தெருவெல்லாம் எலுமிச்சம்பழம் நசுங்கின வாசம் போகவில்லை. ஊரில் உள்ள வண்டியெல்லாம் பழத்தின் மேல் ஏறி இறங்கிவிட்டது. நம்ம கார் மட்டும் உறை போட்டபடி நிற்கிறது. நீங்க ஆடியில் போனீங்க. சாவு விழுந்த வீட்டில் ஒரு வருசத்துக்குப் பண்டிகை ஏது, வண்டிக்குச் சந்தனம் ஏது.

அந்த வாசம் மூக்கில் ஏறினதும் எனக்கு அழுகை வரவில்லை. கோவம்தான் வந்தது. எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள் எழுதுகிறேன், கோணல்மாணலாகத்தான் இருக்கும். இருந்தப்ப நீங்க என்னைப் பேச விட்டீங்களா?

உங்களை மாதிரி வண்டி ஓட்ட ராஜபாளையத்தில் ஆள் கிடையாது, அதை எவரிடமும் சொல்வேன். ரோட்டில் ஆட்டுக்குட்டி வந்தால்கூட நிறுத்தி, "போ தாயி" என்பீங்க. வருசா வருசம் பூசைக்கு முந்தின நாள் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஏசண்டு வருவார். இன்சூரன்ஸைப் புதுப்பித்துக் காகிதத்தைக் கொடுத்துவிட்டுச் சுண்டலுக்கு உட்காருவார். காகிதத்தைப் பொரித் தாம்பாளத்தில் வைத்து, மூலையில் குங்குமம் தொட்டு, சூடம் காட்டி, பொறவுதான் காருக்குள் வைப்பீங்க. பூசையும் இன்சூரன்ஸும் நம்ம வீட்டில் ஒரே காரியம்.

அதனால்தான் உங்க அம்மா தவறின வருசம் அப்படி ஆனது. துக்கம் கேட்க வந்த ஏசண்டு கிளம்புகிறபோது மெல்ல, "அண்ணாச்சி, இன்சூரன்ஸ் இந்த மாசத்தோட முடியுது" என்றார்.

"தீட்டு கழியட்டும்யா. பூசை போடாத வண்டிக்கு என்னத்த இன்சூரன்ஸு?" என்றீங்க.

உங்க தம்பி பக்கத்தில் உட்கார்ந்து, "அதான" என்று தலையாட்டினார். அந்தத் தலையாட்டலுக்கு இன்றுவரை அவருக்கு என் கையால் காப்பி கிடையாது. உங்க காரியத்துக்கு வந்தப்பகூட மருமகள்தான் கொடுத்தாள்.

அந்தத் தை மாசம் வத்திராயிருப்புத் தோப்பிலிருந்து வந்துகொண்டிருந்தோம். எங்கய்யா எனக்குச் சீதனமாகக் கொடுத்த தென்னந்தோப்பு. கிருஷ்ணன்கோவிலில் ஓர் ஆட்டுக்குட்டி குறுக்கே பாய, நீங்க வண்டியை ஒடித்தீங்க. குட்டி தப்பித்தது. பஸ்ஸுக்கு நின்ற மில்லுக்காரப் பெண் தப்பவில்லை, கால் நொறுங்கிவிட்டது. அவளுடைய தூக்குவாளி உருண்டு வந்து என் கதவோரம் நின்றது. உள்ளே இருந்த சோறு சிந்தவே இல்லை.

ஸ்டேசனில் முதல் கேள்வியே, "இன்சூரன்ஸ் இருக்கா?" நீங்க என் முகத்தைப் பார்த்தீங்க. "என்னய எதுக்குப் பாக்கீய, நான் முந்தியிலயா முடிஞ்சு வச்சிருக்கேன்?" என்றேன். ஏட்டய்யா சிரித்துவிட்டார். உங்க முகம் செத்துப் போனது.

அதோடு நின்றிருந்தால் உங்களை மன்னித்திருப்பேன். அவள் நஷ்டஈடு கேட்டுக் கேஸ் போட்டாள். "இழுத்தடிப்போம் அண்ணாச்சி, அலுத்துப்போயி கொடுத்தத வாங்கிக்கிடும்" என்று வக்கீல் சொன்னார். ஆட்டுக்குட்டிக்குக் காரை நிறுத்துகிற மனுசன் நீங்க, சரி என்றீங்க. வாய்தாவுக்கு வாய்தா அந்தப் பெண் கம்பை ஊன்றி ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்கு வந்தாள். ஒருநாள் வராந்தாவில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். வசவு வாங்கத் தயாராக இருந்தேன்.

"ஏம்மா, மோதுனதுக்குக்கூட நான் ஒங்கள வையல. இன்சூரன்ஸ் இருந்திருந்தா அவன் கொடுத்திருப்பான், நான் பாட்டுக்கு எங்காலப் பாத்திருப்பேன். இப்ப ஒங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டுல்ல கெடக்கேன்" என்றாள்.

கடைசியில் தீர்ப்பாகி, தோப்பை விற்று அவளுக்குக் கொடுத்தோம். அவள் கால் நேராகவில்லை. தோப்பு போனதற்கு நான் அழவில்லை. "ஏட்டி, தோப்புதான, போனாப் போகுது" என்றீங்களே, அதற்கு அழுதேன்.

நேத்து மத்தியானம் வத்திராயிருப்பிலிருந்து போன். என் தங்கச்சி இழுத்துக்கொண்டு கிடக்கிறாளாம், "அக்கா, அக்கா" என்கிறாளாம். வாடகைக் கார் ஒன்றும் கிடைக்கவில்லை, எல்லாம் பூசை லீவு. நம்ம மகன் ஓடிப்போய்க் கார் உறையை உருவினான்.

"ஏலே, இன்சூரன்ஸ் இருக்கா?"

"இப்பதாம்மா முடிஞ்சது. தீட்டு கழியட்டும், பொறவு பாத்துக்கிடலாம்."

உங்க வாய். உங்க குரல்.

"தீட்டு நமக்குலே. கிருஷ்ணன்கோவில்ல பஸ்ஸுக்கு நிக்கிறவளுக்கு என்ன தீட்டு?"

முனகிக்கொண்டே போனில் தட்டினான். செத்த நேரத்தில் இன்சூரன்ஸ் வந்துவிட்டது. பூசை இல்லை, குங்குமம் இல்லை, சுண்டல் இல்லை. இம்புட்டுதானா? இதுக்கா ஒரு தோப்பும் ஒரு பெண்ணின் காலும்?

"ஆச்சுல்ல, சாவியக் குடு."

"லைசென்சு?"

தலையைக் குனிந்தான். அது முடிந்து வருசம் தாண்டிவிட்டதாம். இனிமேல் புதுசாக ஓட்டிக் காட்ட வேண்டுமாம். "தல நரைச்சவன் காலேஜ் பிள்ளைகளோட வரிசையில நிக்கவா? மானம் போயிரும்மா."

"போகட்டும். போயி நில்லு."

"சித்தி கெடக்கிற கெடப்புல சட்டம் பேசுற பாரு! இந்த முட்டு வலியோட பஸ்லயா போவ?"

"லைசென்சு இல்லாதவன் ஓட்டுனா இன்சூரன்ஸ்காரன் கைய விரிப்பான்னு அந்தக் கோர்ட்டு வராந்தாவுல கேட்டவ நான்" என்று சாவியை முந்தியில் முடிந்துகொண்டேன்.

பஸ்ஸில்தான் போனேன். லீவுக் கூட்டம், ஸ்ரீவில்லிபுத்தூரில் மாறி ஏறி, விளக்கு வைக்கிற நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். அதற்குக் கொஞ்சம் முந்திதான் அவளுக்குப் பேச்சு நின்றதாம். கையைப் பிடித்தேன், கண்ணை மட்டும் உருட்டினாள். காரில் போயிருந்தால் ஒரு தடவையாவது "அக்கா" என்று கேட்டிருப்பேன். இதையும் உங்க மேல்தான் போடுகிறேன். வேறு யார் மேல் போட?

விடியக்காலம் அவள் அடங்கி, எடுத்து முடித்து, இன்றைக்குத் திரும்பி வருகிறபோது பஸ் கிருஷ்ணன்கோவிலில் நின்றது. ஜன்னல் வழியாக எட்டி, பஸ்ஸுக்கு நின்ற பொம்பளைகளின் கால்களைத்தான் பார்த்தேன். எப்போது போனாலும் அங்கே நான் பார்ப்பது அதைத்தான். எல்லாரும் நேராக நின்றார்கள்.

இறங்கி வீட்டுக்கு வந்துவிட்டேன். மகன் இன்னும் என்னோடு பேசவில்லை. சாவி இடுப்பில் குத்துகிறது. அது அங்கேயே இருக்கட்டும்.