தலையைச் சாய்த்துப் பார்த்த வெள்ளிக்கிழமை

அன்பு மகளுக்கு,

இங்கே நான், உன் அம்மா, புதிதாக லென்ஸ் போட்ட என் வலது கண், மூவரும் சௌக்கியம். உன் சௌக்கியத்தை நாலு வரியாவது எழுது, போனில் "ம், ம்" என்பதெல்லாம் கணக்கில் வராது. முதலில் நல்ல சேதி, என் வேலை தப்பித்தது. நாற்பத்திரண்டு வயதில் கண்புரையா என்று எல்லோரும் வாயைப் பிளந்தார்கள், மூச்சிரைப்புக்கு வருஷக்கணக்காக விழுங்கிய மாத்திரையின் வேலை அது. ஆபரேஷன் சுத்தமாக முடிந்தது. ஆனால் அதற்குப் பிறகு எந்த விளக்கைப் பார்த்தாலும் சுற்றி ஒரு வளையம், குறுக்கே ஒரு ஒளிக்கோடு, போதாததற்கு வலது ஓரத்தில் பிறை மாதிரி கறுப்பு நிழல். யாரோ பக்கத்தில் நிற்கிறார்கள் என்று இரண்டு முறை பீரோவிடம் "என்ன வேணும்?" என்று கேட்டிருக்கிறேன். டாக்டரம்மா, "லென்ஸ் சரியா உட்கார்ந்திருக்கு, மூளை பழகிக்க சில மாசம் ஆகலாம், பொறுங்க" என்றார். சில மாசம் என்றால் எத்தனை நாள், கூடக்குறைய எவ்வளவு என்று கேட்டேன். சிரித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

என் வேலை உனக்குத் தெரியும், கிரைண்டிங் முடிந்து வரும் இரும்புத் தகட்டின் மேல் ஸ்கேலை நிறுத்தி விளக்குக்கு நேரே பிடிப்பேன், இடையில் மயிரிழை வெளிச்சம் தெரிந்தால் தகடு ரிஜெக்ட். வேலைக்குத் திரும்பிய முதல் நாளே வரிசையாக ஒன்பதைத் தள்ளினேன், கிரைண்டிங் ஆளிடம் கையில் என்ன நடுக்கமா என்று கத்தியும்விட்டேன். எங்கள் ஃபோர்மேன், அரை நூல் பிசகையும் விடமாட்டார் என்பதால் அவருக்குப் பெயரே அரைநூல், ஒன்பதையும் டயல் கருவி வைத்து அளந்தார். ஒன்பதும் சரி. "தம்பி, வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்க்கிறேன், அப்புறம் பேக்கிங்குக்குப் போயிடு" என்றார். அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டவா பதினெட்டு வருஷம் இந்த மேஜையில் நின்றேன்? வீட்டுக்கு வந்தால் உன் அம்மா, "கட்டின நாள்லேருந்து நான் சொன்ன ஒண்ணையும் நம்பினதில்ல, கண்ணு சொன்னதை மட்டும் அப்படியே நம்பிட்டீங்களாக்கும்" என்றாள். எரிச்சலாக இருந்தது, ஆனால் அதில் விஷயம் இருந்தது. அளவுக்கருவி மேல் சந்தேகம் வந்தால் அதைத் திருப்பி வைத்து மறுபடி அளப்போம், பிழையும் கூடவே திரும்பினால் கோளாறு கருவியுடையது. குளியலறை பல்பைப் பார்த்துத் தலையைச் சாய்த்தேன், கோடும் சாய்ந்தது, கோளாறு என் கண்ணுடையது! சோப்பு நுரையோடு நான் போட்ட சத்தத்தில், வழுக்கி விழுந்துவிட்டேன் என்று நினைத்து அவள் ஓடி வந்தாள்.

வெள்ளிக்கிழமை என்னைச் சோதிக்க அரைநூல் இருபது தகடு வைத்தார், அதில் ஒன்று கோணல் என்று அவருக்கு மட்டும் தெரியும். ஒவ்வொன்றுக்கும் தலையைச் சாய்த்தேன், கூடவே சாயும் வெளிச்சம் என்னுடையது, அசையாத வெளிச்சம் தகட்டுடையது. "காக்கா மாதிரி பார்க்கிறார்டா" என்று கிரைண்டிங் ஆள் சிரித்தான். நான் இரண்டை எடுத்து வைத்தேன். "ஒண்ணுதானப்பா" என்றார் அரைநூல். அளந்து பாருங்கள் என்றேன். அளந்தார், மறுபடியும் அளந்தார், "இதை நான் விட்டுட்டேன்" என்றார். பதினெட்டு வருஷத்தில் அந்த வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வந்து நான் கேட்டதில்லை. அந்த ஒன்பது தகட்டுக்காகக் கிரைண்டிங் ஆளிடம் மன்னிப்புக் கேட்டேன், காக்கா என்றதற்கு அவன் டீ வாங்கித் தந்தான். கறுப்பு நிழல் இன்னும் ஓரத்தில் நிற்கிறது, நிற்கட்டும், இப்போது அதை நான் விசாரிப்பதில்லை. அடுத்த மாதம் இடது கண். நீயும் என் மூச்சிரைப்பை வாங்கி வந்தவள், மாத்திரையை நீயாகக் கடையில் வாங்கி விழுங்காதே, இந்த வாரமே கண்ணைக் காட்டி ரிப்போர்ட்டை அனுப்பு, சாக்கு சொல்லாதே. நல்லா இரு, எடுத்ததையெல்லாம் ஜெயி.

அதே மேஜையில் நிற்கும்
உன் அப்பா