எங்கள் தெரு ஓட்டு

பிப்ரவரி 9

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம். குட்டியின் பிள்ளை தங்கவில்லையடா.

வலி எடுத்ததும் நம் ஊர் ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டிப்போனோம். பிரசவ வார்டைப் பூட்டி இரண்டு வருஷம் ஆகிறது என்று தெரியாமல் இல்லை. ஒரு நர்ஸாவது இருக்க மாட்டாளா என்று நப்பாசை. காவலாளி, "பெரிய ஊருக்குப் போயிடுங்கம்மா, நிக்காதீங்க" என்றான். மாப்பிள்ளையின் பால் வேனிலேயே, கேன்களுக்கு நடுவில் போர்வையை விரித்துப் படுக்க வைத்தோம். பாதி வழியில் பெட்ரோல் பங்க் ஓரமாகப் பிறந்துவிட்டது. பெண் குழந்தை. அழவே இல்லை.

வார்டைப் பூட்டிய கட்சிக்குத்தான் உன் அத்தான் கிளைச் செயலாளர். அவர் பஞ்சர் கடை வாசலில் அந்தக் கொடி இன்னும் பறக்கிறது. "அதையாவது இறக்குங்களேன்" என்றேன். "இறக்கிட்டா கொழந்த வந்துடுமா? நாளைக்கு நான் தெருவுல யார் மொகத்துல முழிக்கிறது?" என்றார். சொல்லிவிட்டு, அன்று முழுக்க ஒட்டி முடித்த டியூபையே திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

குட்டி அறையைவிட்டு வெளியே வருவதில்லை. உனக்கு மட்டும்தான் இதெல்லாம் எழுதுகிறேன்.

உன் அக்கா

பிப்ரவரி 20

அன்புள்ள அக்கா,

எங்கள் எதிர்க்கட்சி ஆபீஸில் நோட்டீஸ் எழுதுகிற மேஜையில் உட்கார்ந்துதான் உன் கடிதத்தைப் படித்தேன். அப்புறம் ஒரு வரி ஓடவில்லை. நீ பெற்றாலும் நான் தூக்கி வளர்த்த பெண் அல்லவா.

நம் தெரு மாறவே மாறாதா அக்கா? அப்பா காலத்திலிருந்து ஒரே சின்னம். கதவுக்கு அடித்த பெயின்டைப் பார்த்தே எந்தக் கட்சி வீடு என்று சொல்லிவிடலாம். பெண் கேட்டு வருகிறவனிடம் சம்பளத்தைக் கேட்பதற்கு முன்னால் கட்சியைக் கேட்கிற ஊர். பூட்டியவனுக்கே மறுபடி மறுபடி சாவியைக் கொடுத்தால் எப்படித் திறப்பான்?

இந்தத் தடவை நான் சும்மா இருக்கப் போவதில்லை. எங்கள் மாவட்டச் செயலாளரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கண் கலங்கிவிட்டார். "இத ஊருக்கே சொல்லணும் தம்பி" என்றார். கேட்டார் என்று குட்டியின் கல்யாண போட்டோ ஒன்றையும் கொடுத்திருக்கிறேன். பெயர் போட மாட்டார்கள். நான்கு பேருக்கு உறைத்தால் வார்டு திறக்கும். நீ தப்பாக நினைக்க மாட்டாய் என்று தெரியும்.

அத்தானைக் கேட்டதாகச் சொல்.

உன் தம்பி

மார்ச் 17

தம்பிக்கு,

போட்டோவில் மாப்பிள்ளையை உன் கட்சிக்காரர்கள் வெட்டி எடுத்துவிட்டார்கள். குட்டி மட்டும், ஆள் உயரத்துக்கு, கடைக்கு எதிரே பஸ் ஸ்டாப் சுவரில் போஸ்டராக. பக்கத்தில் கண் மூடிய ஒரு குழந்தை. யார் பெற்றதோ. வேனில் மைக்கைக் கட்டி, "பால் வண்டியில் செத்த பச்சை மண்ணே!" என்று காலையும் மாலையும் கத்தினார்கள். தெருப் பிள்ளைகள் விளையாட்டில்கூட அதையே கத்துகின்றன. பெயர் போடவில்லை, உண்மைதான். இந்த ஊரில் பால் வண்டி எத்தனை இருக்கிறது? கேனைப் பார்த்து முகம் சுளித்து, முக்கால்வாசிப் பேர் மாப்பிள்ளையிடம் பால் வாங்குவதை நிறுத்திவிட்டார்கள்.

இத்தனை நாள் கழித்துக் குட்டி அன்றுதான் வாசலுக்கு வந்தாள். படத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "அது மாமாவுக்கு நான் அனுப்புன போட்டோம்மா" என்றாள்.

மறுநாள் ஆளுங்கட்சி வேட்பாளர் வந்தார். வார்டை மூடக் கை தூக்கியவர்களில் அவரும் ஒருவர். தன் கையாலேயே போஸ்டரைக் கிழித்தார். நம் வீட்டு ஸ்டூலில் உட்கார்ந்து உன் அத்தான் கையைப் பிடித்துக்கொண்டு, "வீட்டுப் பொண்ண வீதியில ஒட்டிட்டானுங்களே" என்று அழுதார். கண்ணீர் நிஜமாகத்தான் வந்தது. தெருவே கூடி நின்றது. வார்டைப் பற்றி ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. நானும் கேட்கவில்லை. டீ போட்டுக் கொடுத்தேன்.

அக்கா

ஏப்ரல் 2

அன்புள்ள அக்கா,

சத்தியமாக இப்படிச் செய்வார்கள் என்று எனக்குத் தெரியாது. செயலாளரிடம் சண்டை போட்டேன். "எலக்‌ஷன் முடியட்டும் தம்பி, அந்தப் பொண்ணுக்கு ஏதாவது செய்வோம்" என்கிறார்.

நான் செய்தது தப்புதான். ஆனால் என் மேல் உள்ள கோபத்தை ஓட்டில் காட்டாதே அக்கா. பூத்துக்குள்ளே உன்னை யார் பார்க்கப் போகிறார்கள்? குட்டிக்கும் எடுத்துச் சொல். நாளைக்கு இன்னொரு பெண்ணுக்கு இந்த நிலைமை வரக்கூடாது இல்லையா?

உன் தம்பி

மே 6

தம்பிக்கு,

ரிசல்ட் பார்த்திருப்பாய். நம் தெருவில் போன தடவையைவிட ஆளுங்கட்சிக்கு ஓட்டு கூடுதல். எப்போதும் வீட்டில் படுத்துக்கொள்கிற தையல்காரர்கூட வந்து போட்டுவிட்டுப் போனார்.

குட்டியும் வந்தாள். திரும்பி வருகையில் நான் கேட்காமலே சொன்னாள்: "அவங்களுக்குத்தாம்மா போட்டேன். எனக்குத் தெரியும், அவங்க தொறக்க மாட்டாங்க. ஆனா மாமா கட்சிக்கு என் கை போகல." நானும் அதையேதான் அழுத்தினேன். நீ சொன்ன மாதிரி யாரும் பார்க்கவில்லை.

வார்டில் தேர்தலுக்கு வாங்கிய நாற்காலிகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். பூட்டு புதுசு. தையல்காரர் மருமகளுக்கு அடுத்த மாதம்; வாடகைக் காருக்கு இப்போதே சொல்லி வைத்திருக்கிறார்கள். உன் அத்தானுக்கு ஒன்றியத்தில் பதவி கொடுத்திருக்கிறார்கள். மாலையோடு வந்து, அதைக் கழற்றாமலே ரொம்ப நேரம் கடையில் உட்கார்ந்திருந்தார்.

மாப்பிள்ளை வேனை விற்றுவிட்டு, குட்டியைக் கூட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டார். விலாசத்தை யாருக்கும் கொடுக்கக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனாள். "மாமாவுக்குமா?" என்றேன். பையைத் தூக்கிக்கொண்டாள்.

அக்கா

ஜூன் 11

அன்புள்ள அக்கா,

கட்சி வேலையை விட்டுவிட்டேன். ரிசல்ட்டுக்கு அப்புறம், உன் பதில் வராமல், நான் எழுதும் மூன்றாவது கடிதம் இது. போனையும் நீ எடுப்பதில்லை. குட்டியின் விலாசம் வேண்டாம். அவள் சாப்பிடுகிறாளா, தூங்குகிறாளா, அதை மட்டும் சொல். நம் வீட்டில் என்ன நடக்கிறது என்று முன்போல எழுது அக்கா. ஒருவரிடமும் சொல்ல மாட்டேன்.

உன் தம்பி

ஜூலை 4

தம்பிக்கு,

இங்கு அனைவரும் நலம். நேற்று நல்ல மழை. வேறு விசேஷம் ஒன்றும் இல்லை.

அக்கா