ஐந்தாம் பாட்டில் ஒரு மீன்

உன் ஐந்தாவது பாட்டின் முதற்பதிவு அழியவில்லை. திங்கட்கிழமை காலை ஜெரோம் தொலைபேசியில் சொன்னார். உன் ஒரே இசைத்தொகுப்பை வெளியிட்டவர் அவர், நம்பலாம். ஆனாலும் மறுநாள் சிலாபத்துக்குப் போய் என் காதால் கேட்டேன். பழைய கணினி ஒன்றுக்குள் கிடந்திருக்கிறது. முதல் வரி ஓடியதும் என் கண் தானாக வாசல் பக்கம் போனது. ஜெரோமும் அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

நீ அதைப் பாடியது போர் முடிந்து இரண்டாம் வருடம். தென்னந்தோட்டத்துக்குப் பின்னால் இருந்த இரண்டு அறைதான் ஜெரோமின் முழுக் கம்பனியும். சத்தம் வெளியே போகாமல் சுவரெல்லாம் பழைய மெத்தை. மின்விசிறியின் இரைச்சல் பதிவில் விழும் என்று அதையும் நிறுத்திவிடுவார். நீ சேர்ட்டைக் கழற்றி வைத்துவிட்டு வியர்வை ஒழுகப் பாடுவாய். எட்டுப் பொப் பாட்டுகளில் ஏழு காதல். ஐந்தாவது மட்டும் ஆலங்குடாக் கடல். "வலைக்குள்ளே புலி வரும், வாடியெல்லாம் முழிச்சிருக்கும்."

நம் கரையில் புலிச்சுறாவைப் புலி என்றுதான் சொல்வோம். சுறா என்று சேர்த்துச் சொல்பவன் வெளியூரான். நீயும் நானும் அங்கே பிறந்தவர்கள். பாட்டைக் கேட்டபோது எனக்கு மீன் மட்டுமே கேட்டது. என் கொழும்புப் பத்திரிகைக்கு உன் தொகுப்பைப் பற்றி இரண்டு பத்தி எழுதி அனுப்பினேன். தலைப்பு: 'புலி வரும்: ஆலங்குடாவிலிருந்து ஒரு புதுக் குரல்'. அந்த நாட்களில் பஸ்ஸில்கூட யாரும் வாய்விட்டுச் சொல்லாத சொல் அது. போர்க்காலம் முழுக்கச் செய்தி எழுதியவனுக்கு அது உறைக்கவில்லை.

மூன்றாம் நாள் மோட்டார் சைக்கிளில் சிவில் உடையில் இரண்டு பேர் உன் வீட்டுக்கு வந்தார்கள். எந்தப் புலி என்று சிங்களத்தில் கேட்டார்கள். நீயும் சிங்களத்தில் மீன் என்றாய். கடற்கரையில் மீனவர் தங்கும் வாடிக்குக் கூட்டிப்போய், கூரையில் தொங்கிய காய்ந்த மீன் தாடையைக் காட்டினாய். ஒருவன் பல்லைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தானாம். மற்றவன் சிரிக்கவில்லை. திரும்பி வருவோம் என்று சொல்லிப் போனார்கள்.

வரவேயில்லை. வந்திருந்தால் ஏதோ ஒரு முடிவு இருந்திருக்கும்.

ஜெரோம் கடைகளிலிருந்து சீடிகளைத் திருப்பி எடுத்தார். அந்த வரியில் புலியைச் சுறா என்று மாற்றிப் பாடச் சொன்னார். பாடிவிட்டு வெளியே வந்தவன், "நானும் வெளியூரான் ஆயிட்டன், மச்சான்" என்றாய். பிறகு நீ மேடை ஏறவில்லை. கலியாண வீடுகளில் வாசலைப் பார்த்த கதிரையாகத் தேடி இருந்தாய். என்னைக் கண்டால் மட்டும் பழைய பகிடி வரும்.

"நீ எழுதினா மீனுக்கும் வழக்கு வருமடா."

ஒருநாள் நீயே எனக்குத் தப்ப வழியும் விட்டுத் தந்தாய். "தலைப்பு வைச்சவன் கொழும்புக்காரன்தானே. அவனுக்கு என்ன மீன் தெரியும்?" நான் ஓம் என்றேன். தலைப்பு என்னுடையது. ஒரு சொல்லும் மாற்றாமல்தான் கொழும்பில் அச்சிட்டார்கள். நீ சிலாபம் ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசிப் பத்து நாளும் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தேன். அப்போதும் சொல்லவில்லை.

தொகுப்பை இணையத்தில் மறுபடி வெளியிட ஜெரோம் நினைக்கிறார், ஐந்தாம் பாட்டை நீ முதலில் பாடியபடியே. அதற்கு உன் மனைவி ரீத்தா சம்மதிக்க வேண்டும். நேற்று இருவரும் போனோம். அவள் அலுமாரியில் சாய்ந்து நின்றபடி பாட்டைக் கேட்டாள். இரண்டு தடவை சத்தத்தைக் குறைக்கச் சொன்னாள்.

"அவர் போயிட்டார், அண்ணே. இந்த வாசல்ல இன்னும் இருக்கிறது நான்தானே."

காலம் மாறிவிட்டது என்றார் ஜெரோம்.

"மாறிட்டுது எண்டு அவங்கள் வந்து சொன்னவங்களா?"

ஜெரோம் வெளியே போனபின் அவளிடம் தலைப்பைப் பற்றிச் சொன்னேன். உன்னிடம் சொல்ல வேண்டியதை, அதே சொற்களில். அவள் என்னைப் பார்க்காமல் தேத்தண்ணிக் கோப்பைகளை ஒன்றாக அடுக்கினாள்.

ஞாயிறு பூசை முடிந்து பதில் சொல்வதாகச் சொல்லியிருக்கிறாள். பாட்டுக்கான பதிலா, எனக்கான பதிலா என்று நான் கேட்கவில்லை. பயம்தான். இன்று வியாழன்.