மதர்போர்டு மாற்றிய ஜனவரி

ஜனவரி 9, வெள்ளி

பனிமூட்டம். எதிர் பிளாக்கே தெரியவில்லை. ஆபீஸ் போகிற சார்ட்டர்ட் பஸ் தாமதம். துவைத்த துணி இன்னும் ஈரம். பாலைக் காய்ச்ச மறந்து போனேன், திரிந்துவிட்டது.

மாலை வீட்டுக்கு வந்தால் இவர் குல்லாயும் மப்ளருமாகக் கம்ப்யூட்டர் முன்னால். திரை கறுப்பு. காலையிலிருந்தே அப்படித்தானாம். பட்டனை அழுத்தினால் உள்ளே ஃபேன் சுற்றுகிறது, அவ்வளவுதான். எனக்கு ஆபீசுக்கு ஒரு போன் செய்திருக்கலாமே என்று கேட்டேன். பதில் இல்லை. இப்போதெல்லாம் நான் கேட்பதில் பாதிக்குப் பதில் வருவதில்லை. இரண்டாம் முறை கேட்பதை நானும் விட்டாயிற்று.

இது நின்றால் வீட்டில் இரண்டாவது சம்பளம் நின்றது மாதிரி. இவர் வேலை பார்த்த கம்பெனி டெல்லி ஆபீசை மூடி இரண்டு வருஷம் ஆகப்போகிறது. நாற்பத்தேழு வயது அக்கவுன்டன்டை யார் கூப்பிடுகிறார்கள்? அப்புறம்தான் மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் கோர்ஸ் படித்தார். அமெரிக்க டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டுப் பேசிப் பதிவு செய்கிறார்கள். அது சிடியில் வரும். இவர் ஹெட்ஃபோனில் கேட்டு டைப் அடித்துக் கொடுப்பார். ஒரு சிடி கையில் இருக்கிறது, பாதி கூட முடியவில்லை.

நித்யா டியூஷனிலிருந்து வந்து விஷயத்தைக் கேட்டதும் பையைக் கீழே போட்டாள், தமிழோடு ஹிந்தியும் வந்துவிட்டது. "அம்மா, என் கெமிஸ்ட்ரி ப்ராஜெக்ட் பூரா அதுலதான் ஹை."

எல்லாமே அதில்தான்.

ஜனவரி 10, சனி

லீவு. வெயில் எட்டிப் பார்த்துவிட்டுப் போயிற்று.

மார்க்கெட் ரிப்பேர்காரர் வந்தார். பெட்டியைத் திறந்து டார்ச் அடித்தார். உள்ளே பச்சைப் பலகை, அதன்மேல் விரல்நுனி அளவுக்குச் சின்ன உருளைகள். நாலைந்தின் தலை உப்பியிருக்கிறது, ஒன்றிலிருந்து பழுப்பாய் ஏதோ கசிந்து காய்ந்திருக்கிறது. மதர்போர்டு போய்விட்டது, ஹார்ட் டிஸ்க் நன்றாக இருக்கிறது என்றார். அதாவது நித்யாவின் ப்ராஜெக்ட் பிழைத்தது.

அவர் சொன்ன வழிகள்:

– உப்பிய உருளைகளை மட்டும் மாற்றுவது. மலிவு. ஒரு மாதம் ஓடலாம், ஒரு வருஷமும் ஓடலாம். கேரன்டி கேட்கக் கூடாது.
– இதே மாதிரிப் பழைய போர்டு, செகண்ட் ஹாண்ட். இருக்கிற பிராசஸர், மெமரி எல்லாம் அதில் உட்காரும். நேரு பிளேஸ் கம்ப்யூட்டர் கடைகளில் தேட வேண்டும்.
– புது போர்டு. மூன்று வருஷ வாரன்டி. ஆனால் பழைய பிராசஸர் அதில் பொருந்தாது, மெமரியும் பொருந்தாது. மூன்றையும் சேர்த்து வாங்க வேண்டும்.

என் கணக்கு: நாலாயிரத்துக்கு மேல் கிடையாது. கீசர் வேறு மக்கர் செய்கிறது. இரண்டாவது வழிதான்.

இவர் மூன்றாவது என்கிறார்.

ஜனவரி 11, ஞாயிறு

நேரு பிளேஸ் மூடியிருக்கும். நாள் முழுக்க வீட்டுக்குள்ளேயே மூன்று பேரும். தலைவலி.

இவர் பக்கத்து வீட்டிலிருந்து கம்ப்யூட்டர் பத்திரிகை வாங்கி வந்து போர்டுகளாகப் பார்த்துக் கோடு போடுகிறார். எதில் கோடு என்று எட்டிப் பார்த்தேன். விலையில் இல்லை, வேகத்தில் இல்லை. ஒவ்வொன்றிலும் சவுண்ட் என்ற வரியில். பழைய போர்டில் சத்தம் சரியாக வருவதில்லை என்று மாசக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஸ்பீக்கர் மாற்றியாயிற்று, ஹெட்ஃபோன் இரண்டு முறை மாற்றியாயிற்று.

டைப் அடிக்கிற வேலைக்கு எதற்கு சினிமா தியேட்டர் சத்தம் என்று கேட்டுவிட்டேன். இந்தத் தடவை காதில் விழுந்தது. "நீயா உட்கார்ந்து கேக்கிற? அந்த ஆளுங்க மென்னு முழுங்கிப் பேசறதை நான்ல கேக்கணும்."

நித்யா டிவியை நிறுத்திவிட்டு எழுந்து போனாள். சாயங்காலம் இரண்டு கிலோ பட்டாணி உரித்தேன். அவரும் எதிரில் உட்கார்ந்து உரித்தார்.

ஜனவரி 12, திங்கள்

குளிர் கூடிவிட்டது. ஆபீசில் அதிகாரி எனக்கு மதியம் முழுக்க டிக்டேஷன். ஸ்டெனோவுக்கும் விரல் விறைக்கும் என்பது அவருக்குத் தெரியாது போல. அவர் மேஜைக்கடியில் மட்டும் ஹீட்டர்.

நான் வந்து செருப்பைக் கழற்றும்போது போன். இவர் அந்த அறையிலேயே இருந்தும் எடுக்கவில்லை, நான் ஓடிப்போய் எடுத்தேன். சிடி கொடுக்கிற கம்பெனியில் எடிட்டராக இருக்கும் பெண். கம்ப்யூட்டர் ரிப்பேர் என்று சொன்னேன். பரவாயில்லை, இந்த மாசக் கடைசி வரை நேரம் தருகிறேன் என்றாள். நல்ல மாதிரி. அப்புறம் தயங்கித் தயங்கி ஒன்று சொன்னாள். கொஞ்ச நாளாக இவர் அடித்துத் தருவதில் நிறைய இடம் காலியாக விட்டிருக்கிறதாம். கேட்கவில்லை, புரியவில்லை என்று கோடு போட்டு. முன்பெல்லாம் இவர் வேலையில் பிழையே இருக்காதாம். வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று கேட்டாள்.

ஒன்றும் இல்லை, கம்ப்யூட்டரில் சத்தம் சரியில்லை என்றேன். இவர் சொல்கிற அதே வாக்கியம் என் வாயிலிருந்து.

இவரிடம் முழுசாகச் சொல்லவில்லை. மாசக் கடைசி வரை டைம் கொடுத்திருக்கிறார்கள் என்று மட்டும். தலையாட்டினார்.

சரி, சத்தம் நல்லதாக உள்ள போர்டே வாங்கித் தொலைப்போம். நாளை ஆபீசில் பி.எஃப். அட்வான்ஸ் ஃபாரம் கேட்டு வைக்க வேண்டும்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். லீவு போட்டேன். குக்கரில் பொங்கல், அதன் கழுத்தில் மஞ்சள் கொத்து. கரும்பு கிடைக்கவில்லை. நித்யா ஸ்கூலுக்குப் போய்விட்டாள், அவளுக்கு யூனிட் டெஸ்ட். பத்து மணி வாக்கில் நானும் இவரும் பஸ் மாறி நேரு பிளேஸ்.

என்ன கூட்டம். படிக்கட்டில் சாப்ட்வேர் சிடி விற்கிறவர்கள், தரையில் கேபிள் கடை, நடுவில் சோலே குல்ச்சா விற்கிற சாப்பாட்டு வண்டி. நாலைந்து கடை ஏறி இறங்கினோம். கடைசியில் முதல் மாடியில் ஒரு கடை. இவர் வயசுதான் இருக்கும் கடைக்காரருக்கு. பொறுமைசாலி. புது போர்டு ஒன்றை மேஜையிலேயே வைத்து வயர்களைக் கோத்து ஓடவிட்டார். ஒரு ஹிந்திப் பாட்டு போட்டு ஹெட்ஃபோனை இவரிடம் கொடுத்தார்.

இவர் கண்ணை மூடிக் கேட்டார். "இடது பக்கம் வரலை" என்று என்னிடம் சொன்னார். நான் ஹிந்தியில் கடைக்காரரிடம் சொன்னேன். அவர் வேறு ஹெட்ஃபோன் மாற்றினார். வரவில்லை. வேறு போர்டு எடுத்தார், கொஞ்சம் விலை கூட. அதிலும் இடது பக்கம் வரவில்லை. மூன்றாவதாக, தனியாக ஒரு சவுண்ட் கார்டு செருகினார். இவர் நெற்றியில், அந்தக் குளிரில், வேர்வை.

"இதுலயும் சரியா இல்ல."

கடைக்காரர் ஹெட்ஃபோனை வாங்கித் தன் காதில் வைத்துப் பார்த்தார். என்னிடம் நீட்டினார். நானும் வைத்தேன். இரண்டு பக்கமும் பாட்டு கணீரென்று.

நான் என்ன செய்தேன் என்றால், ஹெட்ஃபோனை இடம் வலமாகத் திருப்பி இவர் தலையில் மாட்டினேன். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். இப்போது எந்தப் பக்கம் வரவில்லை என்று கேட்டேன். என் உதட்டைப் பார்த்தார். விரலைத் தூக்கி இடது காதைத் தொட்டார்.

கடைக்காரர் முதுகைக் காட்டித் திரும்பி, எதையோ தேடுவது போல அலமாரியைத் துழாவ ஆரம்பித்தார். நல்ல மனுஷர்.

வெளியே வந்து பூந்தொட்டிச் சுவரில் உட்கார்ந்தோம். அவருக்கு வலது பக்கம் நான் உட்கார்ந்தேன், முதல் தடவையாக யோசித்து.

"எனக்குத் தெரியும் செல்வி. போன தீபாவளியப்பவே தெரியும். வெடிச் சத்தம் ஒரு பக்கம்தான் கேட்டுது."

"ஏன் சொல்லலை?"

"சொன்னா உள்ளதும் போயிடும்ல. போர்டா இருக்கட்டும், போர்டா இருக்கட்டும்னே வேண்டிக்கிட்டேன்."

எனக்கு அழுகை வரவில்லை. களைப்புதான் வந்தது, காலிலிருந்து மேலே ஏறுகிற மாதிரி. இத்தனை மாதம் என் கேள்விக்கெல்லாம் பதில் வராததை வேலை போன மனுஷனின் வீம்பு என்று நினைத்திருந்தேன். அந்த நினைப்பில் எத்தனை பாத்திரத்தை ணங்கென்று வைத்திருப்பேன். அதுவும் பாதிதான் கேட்டிருக்கும்.

பிறகு அவரே எழுந்தார். மறுபடி அதே கடை. "அந்தப் பழைய டைப் போர்டே குடுக்கச் சொல்லு. சத்தம் எப்படி இருந்தா என்ன இனிமே." கடைக்காரர் செகண்ட் ஹாண்டில் நல்லதாக ஒன்று பொறுக்கி, உருளை ஒவ்வொன்றையும் டார்ச் அடித்துக் காட்டி, ஒரு மாத கேரன்டி எழுதிக் கொடுத்தார். நான் சொன்ன பட்ஜெட்டுக்குப் பாதிக்கும் கீழே. ஜெயித்த மாதிரி ஒன்றும் இல்லை.

பஸ்ஸில் போர்டுப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். பொங்கல் ஆறிப்போயிருந்தது. சுடவைத்துச் சாப்பிட்டோம்.

ஜனவரி 17, சனி

வெயில். துணியெல்லாம் காய்ந்தது.

ரிப்பேர்காரர் வந்து போர்டை மாட்டினார். திரை ஒருமுறை நீலமாகிப் பயமுறுத்தியது, அப்புறம் ஏதோ சிடி போட்டுச் சரி செய்தார். நித்யா ப்ராஜெக்டை மூன்று ஃப்ளாப்பியில் எடுத்து வைத்தாள்.

அவளிடம் அப்பா காதைப் பற்றிச் சொன்னேன். "முஜே பதா தா, அம்மா" என்றாள். தெரியுமாம். டிவி சத்தத்தைக் கூட்டச் சொல்லிக்கொண்டே இருப்பாராம். "அதான் நான் அப்பாகிட்ட எப்பவும் முன்னாடி வந்து நின்னு பேசுவேன்." தெரியாதவள் நான் ஒருத்திதான்.

ஜனவரி 20, செவ்வாய்

அரை நாள் லீவு. டிஸ்பென்சரியில் சீட்டு வாங்கி ஆஸ்பத்திரி. கண்ணாடி அறைக்குள் இவரை உட்கார வைத்து டெஸ்ட். சத்தம் கேட்டால் கையைத் தூக்க வேண்டும். வெளியிலிருந்து பார்த்தேன். ரொம்ப நேரம் கை மடியிலேயே இருந்தது. ஒருமுறை தூக்கிவிட்டு, சந்தேகப்பட்டு இறக்கினார்.

டாக்டர் சின்னப் பெண், சிடுசிடுப்பு இல்லை. இடது காது நரம்பு போய்விட்டது, திரும்பாது. வலதிலும் கொஞ்சம் குறைவு, மெஷின் வைத்தால் பேச்சு கேட்கும். ஹெட்ஃபோன் வேலை வேண்டாம் என்றாள். மெஷின் ஒரு காதுக்கு மட்டும். பி.எஃப். ஃபாரம் உபயோகப்பட்டது. அளவெடுத்தாயிற்று, வர இரண்டு மூன்று வாரம் ஆகும்.

திரும்பும் வழியில் இவர் தானே பேசினார். கம்பெனிக்குப் போய் நேரிலேயே சொல்லிவிடுகிறேன், போனில் முடியாது என்று. சொல்லிவிட்டு அவரே லேசாகச் சிரித்தார்.

ஜனவரி 23, வெள்ளி

மறுபடி பனி. கீசர் செத்தது.

இவர் தனியாகக் கம்பெனிக்குப் போய் வந்தார். புது சிடி கிடையாது. அடித்து வருகிறதை அச்சில் படித்துத் திருத்துகிற வேலை மார்ச்சுக்கு அப்புறம் வரலாம், காதுக்கு வேலையில்லை என்று அந்தப் பெண் சொல்லியிருக்கிறாள். வரலாம் என்றுதான், வரும் என்று இல்லை. கையில் இருக்கிற சிடியை முடித்துக் கொடுத்தால் அதற்குப் பணம் உண்டு.

முடியாது என்று சொல்லிவிட்டு வந்தாராம், சிடி இன்னும் மேஜைமேல்தான். நான் அடிக்கிறேன் என்றேன். வாயில் வந்துவிட்டது. பதினெட்டு வருஷமாய் டிக்டேஷன்தானே என் பிழைப்பு. ஆபீஸ் நாளில் அதிகாரி, லீவு நாளில் அமெரிக்க டாக்டர்.

"உனக்கு மருந்துப் பேரெல்லாம் தெரியாதே."

"உங்களுக்குத் தெரியும்ல?"

சாயங்காலம் அரிசி களைந்து குக்கர் வைத்தது அவர். தண்ணீர் அதிகம். குழைந்த சோறு.

ஜனவரி 25, ஞாயிறு

நல்ல வெயில். வெளியே பசங்க கிரிக்கெட்.

காலையிலிருந்து சிடி. நான் ஹெட்ஃபோனில், இவர் என் இடது பக்கம், வலது காதை என் பக்கம் சாய்த்து. இந்த அமெரிக்காக்காரர் வாயில் சூயிங்கம் வைத்துக்கொண்டு பேசுகிறார் என்று சத்தியம் செய்வேன். முதுகு வலிக்காரி ஒருத்தி, மாடிப்படியில் விழுந்த கிழவர், தூக்கம் வராத ஒரு டிரைவர். எனக்குப் பாதி வார்த்தை பிடிபடவில்லை. விட்டதை அப்படியே சத்தமாகச் சொல்வேன், இவர் யோசித்து, இந்த வியாதிக்கு இந்த மருந்துதான் எழுதியிருப்பான் என்று எழுத்துக் கூட்டிச் சொல்வார். பெரும்பாலும் சரியாக இருக்கிறது. சரியாக இல்லாவிட்டால் அவருக்குக் கோபம் டாக்டர் மேல்.

முதுகு போயிற்று. கண் எரிகிறது. ஆபீஸ் நாற்பது மணி நேரம் போதாது என்று இது வேறு. ஆனால் முடிந்த பக்கங்களில் ஓர் இடம்கூடக் காலி இல்லை.

மத்தியானம் கதவு தட்டினார்கள். எதிர் வீட்டுப் பஞ்சாபி அம்மா. கையில் காலிக் கிண்ணம், சர்க்கரை வேண்டுமாம். கிண்ணத்தைக் கொடுக்காமல் என் முகத்தையே பார்த்தாள். காலையிலிருந்து என் குரல் கேட்கிறதாம், பாய்சாஹப் (இவரைத்தான் அப்படிச் சொல்வாள்) ஏதாவது சொன்னாரா, வீட்டில் எல்லாம் சரிதானே என்று மெதுவாகக் கேட்டாள். சண்டை இல்லை, வேலை என்றேன். நம்பின மாதிரி தெரியவில்லை. சர்க்கரை கொடுத்து அனுப்பினேன்.

உள்ளே வந்தால் இவர் கேட்கிறார், யார் வந்தது, என்ன சொன்னார்கள் என்று.

கத்திச் சொன்னேன்.