கூடுதலாக எழுதிய ஒரு வயது

தம்பி,

நேற்று மாலை பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியில் இளைஞர் கால்பந்துப் போட்டி ஒன்றைக் காட்டினார்கள். ஏதோ இரண்டு நாட்டுப் பையன்கள் தேசிய கீதத்துக்காக வரிசையில் நின்றார்கள். அந்த வீட்டுக்காரர், "இவனுகளுக்கு இருபதுகூட ஆகலையாம். மீசையப் பாத்தா ரெண்டு புள்ளைக்கு அப்பன் மாதிரி இருக்கான்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அங்கே உட்கார முடியவில்லை. இறந்தவர்கள் கடிதம் படிப்பார்கள் என்று நம்புகிறவள் இல்லை நான். ஆனாலும் உன்னிடம் சொல்லாமல் விட்டதை வேறு யாரிடம் சொல்வது?

செல்லூர்ப் பள்ளியில் அப்பா உன்னைச் சேர்த்தபோது நானும் கூட வந்தேன். தலைக்கு மேலாக வலக்கையை வளைத்து இடது காதைத் தொடச் சொன்னார் தலைமையாசிரியர். தொட்டுவிட்டால் ஐந்து வயது ஆகிவிட்டது என்று பொருள். உனக்கு நாலுதான். ஆனால் கை நீளம். தொட்டதோடு நிற்காமல் காதைத் திருகியும் காட்டினாய். அவர் சிரித்துக்கொண்டே ஒரு வயதைக் கூட்டி ஏதோ ஒரு ஜூன் மாதத் தேதியைப் போட்டார். என்னைச் சேர்த்தபோது அப்பாவே கேட்டு இரண்டு வயதைக் குறைத்திருந்தார், பெண்பிள்ளைக்குப் பின்னால் உதவும் என்று. எந்த வீட்டிலும் இதைப் பொய்யென்று யாரும் நினைத்ததில்லை.

அந்தக் கைதான் உன்னைக் கோல்கீப்பராக்கியது. வறண்ட வைகை மணலில் நீ விழுந்து புரண்டு பந்தைப் பிடிப்பாய். சட்டையை உதறினால் வீடெல்லாம் மணல். பதினெட்டு வயதில் உனக்கு அந்தக் கடிதம் வந்தது. ஆசிய நாடுகளின் இளைஞர் அணிகள் மோதும் போட்டி. அதற்கான இந்திய அணியின் பயிற்சி முகாமுக்கு அழைத்திருந்தார்கள். பத்தொன்பது நிறையாதவர்கள் மட்டும். பள்ளிச் சான்றிதழ்படி உனக்குப் பத்தொன்பது முடிந்து சில வாரங்கள் ஆகியிருந்தன.

உங்கள் கால்பந்துக் குழுவின் செயலாளர் அண்ணன் வீட்டுக்கு வந்தார். "தங்கச்சி, இவன் பொறந்தது திருமங்கலம் ஆஸ்பத்திரிதான? அந்தப் பதிவ மட்டும் வாங்கிட்டு வாம்மா. கல்வி ஆபீஸ்ல குடுத்துத் தேதியத் திருத்திருவோம்" என்றார்.

போய் வாங்கினேன். திரும்பி வரும் பேருந்தில்தான் முழுவதும் படித்தேன். உன் பிறந்த தேதிக்குக் கீழே ஒரு வரி இருந்தது: மூத்த குழந்தை பெண், வயது பதினொன்று. அதன்படி எனக்கு இருபத்தொன்பது. அந்த மாதம்தான் அதே கல்வி அலுவலகத்திலிருந்து எனக்கு வேலை உத்தரவு வந்திருந்தது. இருபத்தெட்டைத் தாண்டியவர்களுக்கு அந்த வேலை இல்லை. என் சான்றிதழ் இருபத்தேழு என்றது.

ஒரே அலுவலகத்தில் இரண்டு தாள்கள். யாராவது கூட்டிக் கழித்துப் பார்ப்பார்களா? பார்க்காமலும் இருந்திருக்கலாம். ஆனால் அப்பா போன பிறகு அம்மா எனக்கு இரண்டாம் தாரமாக ஒரு வரனைப் பேசிக்கொண்டிருந்தாள். நான் படித்த எம்.ஏ.வுக்கு அந்த வீட்டில் வேறு எந்த வாசலும் திறக்கவில்லை. வந்திருந்தது இந்த உத்தரவு ஒன்றுதான்.

பதிவேட்டைக் கரையான் அரித்துவிட்டது என்று உன்னிடம் சொன்னேன். நீ சட்டையிலிருந்த மணலை உதறினாய். பிறகு, "விடுக்கா, வேற கோல்போஸ்ட்டா கிடைக்காது" என்றாய்.

அணி வெளிநாடு போனது. வானொலிச் செய்தியில் தோல்வியை ஒரே வரியில் சொன்னார்கள். நாலு கோல் வாங்கியிருந்தார்கள். நீ அம்மாவைப் பார்த்து, நானாக இருந்தால் மூன்றோடு நிறுத்தியிருப்பேன் என்றாய். அதன்பின் மில் வேலை, மில் அணி, ஞாயிற்றுக்கிழமை ஆட்டம். நான் தினமும் ஒன்பதே முக்காலுக்கு அந்த அலுவலகத்தின் படியேறினேன். பிறந்த தேதியைத் திருத்தக் கேட்டு வரும் மனுக்கள் என் மேசைக்குத்தான் வரும். ஒருமுறை சாப்பிடும்போது, "திருமங்கலத்துக் கரையானுக்கு எம் பேருதான் ருசிச்சிருக்கு" என்று சொல்லிச் சிரித்தாய். உனக்குத் தெரிந்துவிட்டதா என்று அன்றிலிருந்து யோசிக்கிறேன். கேட்கத் துணியவில்லை.

போன ஆண்டு மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோனது. இறப்பைப் பதிய மாநகராட்சிக்குப் போனபோது, பெட்டியின் அடியில் ஒளித்து வைத்திருந்த திருமங்கலத்துத் தாளை எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். ஒரு இடத்திலாவது உன் வயதைச் சரியாக எழுதச் செய்ய வேண்டும் என்று. முப்பத்தாறு என்றேன். எழுத்தர் உன் பள்ளிச் சான்றிதழைப் பார்த்தார்.

"முப்பத்தேழுல்லம்மா வருது? மாத்தணும்னா பொறந்த பதிவு வேணும். இருக்கா?"

எனக்கு ஓய்வுபெற, தாளின்படி இன்னும் பதின்மூன்று ஆண்டுகள் இருந்தன. கைப்பையின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, இல்லை என்றேன்.

அவர் முப்பத்தேழு என்று எழுதினார்.