பாம்புக் காது

மார்ச் 4
சிட்டுவுக்கு ஜூனில் பியானோ தேர்வு. இதில் தேறினால்தான் இசைக் கல்லூரியில் இடம். விரல் பிரமாதம், பயமெல்லாம் செவித் தேர்வில்தான். நான் ஒரு வரி வாசிப்பேன், அவள் பியானோவுக்கு முதுகு காட்டி நின்று அதை அப்படியே திருப்பிப் பாட வேண்டும். இன்று பாடி முடித்ததும், "டீச்சர், கடைசி சுரம் தப்பா பாடிட்டேன்ல?" என்றாள். இல்லை, சரியாகத்தான் பாடினாய் என்றேன். முப்பது வருஷமாகச் சொல்லிக்கொடுக்கிறேன், எனக்குப் பாம்புக் காது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தங்கள்மேலேயே நம்பிக்கை இல்லை.

மார்ச் 19
மேல் கட்டைகள் மந்தமாக இருக்கின்றன. போன மாதம் சுருதி சேர்த்த டியூனரைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டேன். அந்த மனுஷன் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துவிட்டு, "கணீர்னுதாம்மா இருக்கு" என்கிறார். வேலை தெரியாதவருக்கு வாய் மட்டும் நீளம்.

ஏப்ரல் 7
டிவி சத்தத்தை நான் கூட்ட, இவர் குறைக்க, ஒரே சண்டை.

மே 22
சிட்டு மறுபடியும் ஆரம்பித்தாள். "நீங்க வாசிச்சதும் நான் பாடினதும் வேற மாதிரி இருக்கே டீச்சர்?"
"நீ டீச்சரா, நான் டீச்சரா?" கத்திவிட்டேன். அவள் மறுபடி முதுகு காட்டி நின்று அடுத்த வரிக்குத் தயாரானாள்.

ஜூலை 15
முடிவு வந்தது. மூன்று மதிப்பெண்ணில் போச்சு. வாசிப்பில் குறையே இல்லை. செவித் தேர்வில் பதினெட்டுக்கு ஐந்து.
அஞ்சா? எல்லாத்துக்கும் நான் சரி சரின்னு சொன்னேனே!

ஜூலை 18
காது டாக்டர் ஒரு தாளை நீட்டினார். கோடு பாதிவரை நேராக வந்து, பிறகு மாடிப்படி மாதிரி இறங்குகிறது. "பேச்சு காதுல விழும், சுரம் பிசகித் தெரியும். ரெண்டு மூணு வருஷமாவே இருந்திருக்கும். யாரும் சொல்லலையாம்மா?"
எல்லாரும் சொன்னாங்க. நான்தான் எல்லார் மேலயும் எரிஞ்சு விழுந்தேன். பாவி, அந்தப் பொண்ணோட வருஷத்தையே கெடுத்துட்டேனே.

ஆகஸ்ட் 2
சிட்டுவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வேறு டீச்சரின் முகவரியை எழுதிக்கொடுத்தேன். திட்டுவாள் என்று நினைத்தேன். தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.
"போறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு டெஸ்ட் வை" என்றேன்.
நான் முதுகு காட்டி நின்றேன். இரண்டு சுரம் வாசித்தாள். இரண்டாவதுதான் மேலே என்றேன்.
"சரி டீச்சர்."
திரும்பினேன். கதவருகே நின்றிருந்த இவர் தலையைக் குனிந்துகொண்டார். தப்பாகத்தான் சொல்லியிருக்கிறேன். அவளும் என்னை மாதிரியே சரி போட்டுவிட்டாள்.